திட்டம் கலைந்த பிறகு விசுவாசம்: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இயந்திரத் துறையில் டிப்ளோமா முடித்து சிங்கப்பூரில் வேலைக்குப் போனவர். கொஞ்சம் சேர்த்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு, அப்புறம் கல்யாணம் என்று கணக்குப் போட்டிருந்தார். நிச்சயமும் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். பெண் வீட்டார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை. அவருடைய கேள்வி இதுதான்: "ஆண்டிறுதி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்தம் (வருஷத்துக்கென்று அட்டையில் கொடுக்கும் வேத வசனம்) எரேமியா 29:11. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் என் தலையில் கைவைத்து, இந்த வருஷத்துக்குள் உன் வாசல் திறக்கும் என்றார். திறந்திருந்த வாசலும் மூடிக்கொண்டது. தேவன் என்னை ஏமாற்றினாரா? என் விசுவாசம் போதவில்லையா? இனிமேல் நான் திட்டம் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா?"

தம்பி, நானும் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். மெதடிஸ்ட் சபையில் வேதபாடம் எடுக்கிறேன். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை வாசித்தேன். பொறுமையாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊழியர் சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் சுற்றிவளைக்க எதுவும் இல்லை. உபாகமம் 18:22 இப்படிச் சொல்கிறது: ஒரு தீர்க்கதரிசி கர்த்தரின் நாமத்தில் சொன்னது நடவாமற்போனால், அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவன் அதைத் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படவேண்டாம். இந்த வசனத்தில் பழி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். சொன்னவர்மேல். கேட்டு நம்பினவனுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு எழுத்துகூட இல்லை. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் அது கர்த்தருடைய வார்த்தை இல்லை. அந்தச் சுமையை இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள்.

எரேமியா 29:11க்கு வருவோம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று தொடங்கும் வசனம். நம் வீடுகளில் காலண்டரில், சுவரில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் இருக்கிறது. அதற்கு மேலே இருக்கிற பத்து வசனத்தை அச்சடித்துத் தொங்கவிட்ட வீட்டை மட்டும் நான் பார்த்ததில்லை. அந்தப் பத்து வசனமும் இல்லாமல் பதினொன்றாவது வசனம் புரியவே புரியாது.

கிறிஸ்துவுக்கு முன் 597ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். ராஜா யோயாக்கீன், ராஜமாதா, பிரபுக்கள், தச்சர், கொல்லர் என்று வேலை தெரிந்தவர்களாகப் பார்த்துப் பிடித்து பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஊரும் பேச்சும் சாமியும் வேறாக இருந்த ஒரு தேசத்தில் அவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இது வெறும் கதை இல்லை. பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. 1939ல் அது வெளிவந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் கிராணி (கணக்கர்) எழுதிவைத்த அரிசிக் கணக்கு மாதிரி, இன்னாருக்கு இத்தனை படி என்று. தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்தவன் அளந்து ஊற்றும் எண்ணெய்க்குக் காத்திருந்திருக்கிறான்.

அப்போது எருசலேமில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பினான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாகச் சொன்னான். எரேமியா 28ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அதைக் கேட்ட எரேமியா உடனே எதிர்த்துப் பேசவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அதுதான் ஆசை! யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அது கர்த்தருடைய வார்த்தை இல்லை. சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம் வேறு மாதிரி இருந்தது. அதுதான் 29ஆம் அதிகாரம். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். எழுபது வருஷம் ஆகும்.

எழுபது வருஷம், தம்பி. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது வயதில் இருந்த ஒருவர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க வழியில்லை என்றே சொல்லலாம். அவர் போட்டிருந்த திட்டம் அவர் காலத்தில் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்டவரிடம்தான் கர்த்தர் சொல்கிறார்: உங்கள்பேரில் நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை. உன் பழைய திட்டத்தைத் திரும்பக் கொடுக்கிறேன் என்ற வாக்கு அதில் இல்லை. உன் திட்டம் நொறுங்கிய ஊரிலும் நான் உன்னை மறக்கவில்லை, நீ என்னைத் தேடினால் அங்கேயே கண்டடைவாய் என்ற வாக்கு இருக்கிறது. 13ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்தால் இது தெளிவாகத் தெரியும்.

ஆகவே தேவன் உங்களை ஏமாற்றவில்லை. எரேமியாவின் வசனத்துக்கு அனனியாவின் அர்த்தத்தை ஏற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். நம் சபைகளில் இது அதிகமாக நடக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. வசனத்தைத் துண்டு காகிதத்தில் வெட்டிக் கொடுக்கும்போது, அதோடு வந்த எழுபது வருஷத்தையும் வெட்டிவிடுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கடிதம் மற்றவர்களைவிட நன்றாகவே புரிய வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. நம் பாட்டன்மார் கப்பல் ஏறும்போது, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி நிலம் வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் ஏறினார்கள். ரப்பர் விலை விழுந்தது. ஜப்பான்காரன் வந்தான், சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1948 ஜூன் 16ல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. அப்புறம் தோட்டங்களைத் துண்டு போட்டார்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது. லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேறச் சொன்னார்கள். போட்ட திட்டம் நடந்து முடிந்த தலைமுறை என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். ஆனாலும் அவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், கிறிஸ்தவக் குடும்பங்கள் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஜெப வீடு கட்டினார்கள். எரேமியாவின் கடிதத்தை வாசிக்காதவர்கள்கூட அதன்படி நடந்திருக்கிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி: விசுவாசம் போதவில்லையா? இதைக் கேட்க வைத்தது யார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு பக்கம் சொந்தக்காரர்கள், குலசாமியை விட்டுவிட்டுப் போனதால்தான் இப்படி ஆனது என்பார்கள். இன்னொரு பக்கம் சபையில் சிலர், வீட்டில் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, உபவாசம் போதவில்லை என்பார்கள். பேச்சு வேறாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே கணக்கு. கஷ்டம் வந்தால் யாரோ ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு. இயேசு அந்தக் கணக்கை இரண்டு இடத்தில் மறுக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். உங்கள் அப்பாவின் மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததற்கு உங்கள் ஜெபக் கணக்கில் காரணம் தேடாதீர்கள்.

யோபுவின் கதையிலும் இதுதான். அவருடைய மூன்று நண்பர்களும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். பக்கம் பக்கமாக தேவனுக்காக வாதாடினார்கள். யோபுவோ தேவனோடு சண்டையே போட்டார். கடைசியில் கர்த்தர் அந்த நண்பர்களைப் பார்த்துத்தான், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்பட்டார்.

அதனால் ஒன்று சொல்கிறேன், இதை நீங்கள் சபையில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். அழுங்கள். தேவனிடம் முறையிடுங்கள். நம் பாட்டிமார் சாவு வீட்டில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி வைத்தார்கள். இறந்தவரை மட்டுமா பாடினார்கள்? விட்டுவந்த ஊர், கங்காணியின் கொடுமை, கிடைக்காத கூலி எல்லாம் அந்தப் பாட்டில் வரும். இன்று நம் ஆராதனையில் துதிப் பாட்டுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. வேதாகமத்தில் அப்படி இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை, ஆனாலும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. புலம்பல் என்று ஒரு புத்தகமே இருக்கிறது. எருசலேம் எரிந்த பிறகு பாடின ஒப்பாரி அது. எபிரெய எழுத்து இருபத்திரண்டு. முதல் நாலு அதிகாரத்தையும் அந்த எழுத்து வரிசையிலேயே கட்டியிருக்கிறார்கள், துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொல்லித் தீர்ப்பதுபோல. அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று நாம் பாடுகிற வரி அந்த ஒப்பாரிக்கு நடுவில், 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. புத்தகம் அதோடு முடியவில்லை. எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற கேள்வியோடு முடிகிறது.

ரோமர் 8:28ஐ இந்த நேரத்தில் உங்களிடம் சொல்ல வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பது உண்மை, நான் அதை முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அதே அதிகாரத்தில் பவுல் பசி, நிர்வாணம், பட்டயம் என்று பட்டியல் போடுகிறார். இவை வராது என்று அவர் சொல்லவில்லை. இவை எதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார். நிச்சயம் முறிந்தது நல்லதுக்குத்தான், இதைவிட நல்ல பெண் வருவாள் என்று யாராவது சொன்னால், அது ரோமர் 8:28 இல்லை. முறிந்தது ஒரு நஷ்டம். அந்தப் பெண்ணையும் அவள் வீட்டாரையும் குறை சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அதைக் கவனித்தேன். அவளுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் நம் மெதடிஸ்ட் சபைகளில் இருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வருஷம் பிறக்கும் சமயத்தில் நம் கையில் இரண்டு கொடுக்கப்படுகின்றன. ஒன்று வாக்குத்தத்த அட்டை. இன்னொன்று உடன்படிக்கை ஜெபம். அட்டை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஜெபம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1755ல் லண்டனில் நடத்தின உடன்படிக்கை ஆராதனையிலிருந்து வருவது அது. அதில் என்ன சொல்கிறோம் தெரியுமா? உமக்குச் சித்தமான இடத்தில் என்னை வையும், உமக்குச் சித்தமானவர்களோடு என்னைச் சேரும். வேலை செய்ய வைத்தாலும் சரி, பாடுபட வைத்தாலும் சரி. உமக்காக அமர்த்தப்பட்டாலும் சரி, உமக்காக ஒதுக்கிவைக்கப்பட்டாலும் சரி. நிறைவாய் இருந்தாலும் சரி, வெறுமையாய் இருந்தாலும் சரி. இந்த அர்த்தத்தில் போகும் ஜெபம். ஒதுக்கிவைக்கப்படுவதையும் தேவனோடு வாழும் வாழ்க்கைக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

வெஸ்லிக்கு அது வெறும் பேச்சு இல்லை. 1735ல் பெரிய திட்டத்தோடு அமெரிக்காவில் ஜோர்ஜியாவுக்குக் கப்பல் ஏறினார். ஊழியம் சரியாக அமையவில்லை. மனதில் வைத்திருந்த பெண் வேறொருவரை மணந்துகொண்டாள். பிறகு அவளுக்கு இராப்போஜனம் கொடுக்க மறுத்து, வழக்கில் மாட்டி, 1737 டிசம்பரில் ஊரைவிட்டே கிளம்பினார். உங்களுக்கும் இப்படித்தான், பின்னால் ஏதோ பெரிய ஊழியம் காத்திருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அது மறுபடியும் அனனியா பேச்சாகிவிடும். நம் கையில் அந்த ஜெபத்தைக் கொடுத்தவர் திட்டம் நொறுங்குவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர், அவ்வளவுதான். இந்த வருஷக் கடைசியில் உங்களால் அந்த ஜெபத்தைச் சொல்ல முடியவில்லையென்றால் சும்மா நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லட்டும். சபை என்று ஒன்று இருப்பது அதற்குத்தான்.

சரி, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எரேமியா சொன்னதை உங்கள் நிலைமையில் எப்படிச் செய்வது? ஆவிக்குரிய பேச்சோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்பா சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) கட்டினவரா என்று பாருங்கள். அறுபது வயது ஆகுமுன் நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு, போதிய சந்தா இருந்தால், சொக்சோவில் மாத ஓய்வூதியம் உண்டு. வேலையிடத்தில் விழுந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பலர் அப்படி நினைத்துக்கொண்டு மனுவே செய்வதில்லை. வேலை செய்ய இயலாதவர் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பை ஐம்பத்தைந்து வயதுக்கு முன்பே எடுக்கவும் வழி இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் குடும்பத்துக்குச் சமூக நல இலாகாவில் உதவித்தொகை இருக்கிறது. டாக்டரிடம் மனுப் படிவத்தைக் கொடுத்து எழுதி வாங்குங்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வரும் ஆரம்ப மாதங்களில் பயிற்சி ரொம்ப முக்கியம், பிசியோவைத் தள்ளிப்போடாதீர்கள். இப்படிக் கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்குவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி ஊட்டி, வாயோரம் வழிவதைத் துடைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திட்டம் கெட்டுப்போனதால் வந்த வேலையாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக என்ற கற்பனைக்கு இதைவிட நேரான அர்த்தம் எனக்குத் தெரியாது. அதற்காக ஒற்றை ஆளாகவே சுமக்க வேண்டும் என்று இல்லை. வாரத்தில் ஒரு மாலை அப்பா பக்கத்தில் உட்கார சபையிலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள். ஜெபித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் அண்ணன்மார்களிடம், சரி அண்ணே, புதன்கிழமை வர முடியுமா என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வி, இனித் திட்டம் போடலாமா? தாராளமாகப் போடலாம். யாக்கோபு 4ஆம் அதிகாரம் திட்டம் போடாதே என்று சொல்லவில்லை. ஆண்டவருக்குச் சித்தமானால் என்பதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. பவுலைப் பாருங்கள். ஆசியாவுக்கு (இன்றைய துருக்கியில் இருந்த ஒரு ரோம மாகாணம்) போகப் பார்த்தார், பரிசுத்த ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. துரோவா துறைமுகத்தில் வந்து நின்றபோது ஒரு தரிசனம் கிடைத்து மக்கெதோனியாவுக்குப் போனார். போன இடத்தில் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் அடிபட்டுக் கிடந்தார். தரிசனம் கிடைத்த வழியிலும் சிறை இருந்தது! அப்படியெல்லாம் ஆன பிறகும் அவர் திட்டம் போடுவதை நிறுத்தவில்லை. ரோமர் 15ல், ஸ்பானியாவுக்கு (ஸ்பெயின்) போகிறேன், வழியில் உங்களைப் பார்ப்பேன் என்று எழுதுகிறார். ரோமாபுரிக்கு அவர் வந்து சேர்ந்தது கைதியாக. அப்போஸ்தலர் நடபடிகள் முடியும்போது வாடகை வீட்டில் இரண்டு வருஷம் காவலில் இருக்கிறார். ஸ்பானியா பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

உங்கள் கையில் டிப்ளோமா இருக்கிறது, ஆலையில் வேலையும் இருக்கிறது. செம்பனை ஆலையில் பாய்லர் ஓட்டச் சட்டப்படி சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். அந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு எப்போதும் தேவை இருந்துகொண்டே இருக்கும். பாய்லர் பக்கம் மாற்றச் சொல்லி மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். வேலை பார்த்த காலத்தை ஒழுங்காகப் பதிவு செய்து கையெழுத்து வாங்கி வையுங்கள், அப்புறம் தேர்வுக்கு மனு செய்யுங்கள். ஷிப்டு மாறி மாறி வருவதால் அப்பாவைப் பார்க்கும் நேரத்தை முதலில் அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். படிப்பில் எங்காவது மாட்டிக்கொண்டால் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.